கடையில் வாங்காதவர்

பேய்களில் பல வகை உண்டு. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, ஹாலோவீன் மாலையில் வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கையில் தட்டோடு நிற்கும் ஓர் இனத்தைப் பற்றி. இதற்குக் கால் தரையில் பாவும். ஆனால் கைதான் முக்கியம். காகம் கரையும், தவளை கத்தும், இது "எல்லாம் என் கையால செஞ்சது" என்று சொல்லும். நான் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கடையில் வாங்காதவர்'.

உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். தட்டை நீட்டுவார். நீங்கள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர முடியுமா? முடியாது. "எதுல செஞ்சேன்னு சொல்லு பாப்போம்" என்பார். மாவு என்பீர்கள். இல்லை. உருளைக்கிழங்கு? இல்லை. வாயில் இருப்பதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நீங்கள் காய்கறிச் சந்தையையே ஒப்பித்து முடித்த பிறகு, "பீட்ரூட்" என்பார். தப்பித் தவறி முதலிலேயே பீட்ரூட் என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு மன்னிப்பே கிடையாது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, பக்கத்து வீட்டு நெட்டா ஆன்ட்டி. பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்ததும், வேலிக்கு மேல் தலை தெரிந்தது.

"எங்கெங்க போன கண்ணு?"

ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.

"அங்கல்லாம் ஜாம் கடையிலயா வாங்குறாங்க?"

"ஆமா ஆன்ட்டி."

"பாவம்" என்று சொல்லிவிட்டு, முள்ளங்கி இனத்தைச் சேர்ந்த, உருண்டையான ஒரு டர்னிப் கிழங்கையும் ஒரு கரண்டியையும் என் கையில் கொடுத்தார்.

ஹாலோவீனுக்கு மற்றவர்கள் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைக்கிறார்கள். பூசணிக்காய் நல்ல காய். பாதி வேலையை அதுவே செய்து வைத்திருக்கும். ஆன்ட்டிக்கு அது ஏமாற்று வேலை. டர்னிப்தான் அசல், டர்னிப்தான் மரபு, டர்னிப்தான் கருங்கல். முதலில் கரண்டி வளைந்தது, பிறகு என் மணிக்கட்டு. ஒருவழியாகக் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினால், வேகாத கிழங்கு கருகும் நாற்றம் தெருமுனை வரை போகும். எங்கள் தெருவில் இதுவரை பேய் வந்ததில்லை என்றால் காரணம் இதுதான்.

இந்த வருடம் ஆன்ட்டிக்கு ஒரு கவலை இருந்தது. போன ஹாலோவீனுக்கு அவர் வீட்டுக் கதவை அநேகமாக யாருமே தட்டவில்லை.

காரணம் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து, ஒரு பாட்டோ ஜோக்கோ சொன்னால்தான் பண்டம். மற்ற வீடுகளில் அரைப்பாட்டிலேயே "சரி சரி, எடுத்துக்கோ" என்பார்கள். ஆன்ட்டி வீட்டில் பாட்டை முழுசாகப் பாடவேண்டும். சுருதி விலகினால் மறுபடியும். கயிற்றில் தொங்கும், கறுப்புப் பாகு சொட்டும் ரொட்டியைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடித்துத் தின்னவேண்டும். பிறகு முகமெல்லாம் பாகோடு பேய்க்கதை கேட்கவேண்டும். அந்தக் கதையில் பேய் கதவைத் தட்டும். உடனே அந்தக் கதவுக்கு வர்ணம் அடித்தது யார் என்ற கிளைக்கதை தொடங்கும். பேய் போர்த்தியிருக்கும் துணியின் ஓரம் தைத்தது யார் என்பதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். எதிர்வீட்டு ரோனாவோ வாசலில் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு, பெரிய கிண்ணம் நிறையக் கடைச் சாக்லேட் வைத்து, "எடுத்துக்கிட்டு ஓடுங்க" என்று சொல்லிவிடுவாள். நீங்கள் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் எங்கே போவீர்கள்?

"இந்த வருஷமாவது வருவாங்களா?" என்று ஆன்ட்டி அடுப்பிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துக் கேட்டார். சர்க்கரையும் வெண்ணெயும் கட்டிப்பாலும் போட்டுக் கிண்டி வில்லை போடும் இனிப்பு அது. டாப்லெட் என்போம். மருந்து மாத்திரை இல்லை. தின்ற பிறகு அதுவும் தேவைப்படலாம்.

"வருவாங்க ஆன்ட்டி."

"வரலைன்னா வீட்டுல நானும் டர்னிப்பும்தான்."

இருட்டியது. எதிர்வீட்டு மணி ஓயாமல் அடித்தது. ஆன்ட்டி தட்டிலிருந்த வில்லைகளை வட்டமாக அடுக்கினார், பிறகு சதுரமாக அடுக்கினார்.

கடைசியில் கதவு தட்டப்பட்டது. வந்தது ரோனாவின் மகள் எய்லி. பின்னால் இரண்டு தோழிகள், ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு. எய்லியின் தலையில் சாம்பல் நிறக் கம்பளி நூல் கொண்டை, இடுப்பில் மாவு அப்பிய ஏப்ரன், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் வளைந்த கரண்டி.

"உள்ள வாங்க, காலைத் தொடைங்க" என்று தொடங்கினாள் எய்லி. "மிதியடி நானே பின்னினது. கதவு நானே அடிச்சது. இந்த டர்னிப்ப நானே பெத்தேன். எதுல செஞ்சேன்னு சொல்லுங்க பாப்போம்."

தோழி ஒருத்தி தாங்கமுடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

எங்கள் ஊரில், வேஷம் யாரைப் போல என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவேண்டும். ஆன்ட்டி, கழுத்தில் கயிற்றில் தொங்கிய தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை பார்த்தார்.

"ஐசா" என்றார். "எங்க அக்கா ஐசா. அப்படியே உரிச்சு வச்சிருக்கியே. டண்டீயில இருக்காளே, அவள நீ எங்கடி பாத்த?"

எய்லி என்னைப் பார்த்தாள். நான் டர்னிப்பைப் பார்த்தேன்.

"இப்படித்தான் கண்ணு, அவகிட்ட ஒரு வாய் காபி குடிக்க முடியாது. அதை நான் செஞ்சேன், இதை நான் செஞ்சேன்னு. தம்பட்டம் தாங்காது." பிறகு கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "இதை நீயேவா செஞ்ச?"

"ஆமா ஆன்ட்டி."

"கடையில வாங்கல?"

"இல்ல."

ஆன்ட்டி தட்டோடு டாப்லெட்டை அவளிடம் கொடுத்துவிட்டார். "இன்னொரு தடவை செய். அந்த டர்னிப் இடத்துலேர்ந்து."

எய்லி செய்தாள். சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டு வாசலிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். கடைசியில் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி ரோனாவும் வந்துவிட்டாள். பாகு சொட்டும் ரொட்டி தீர்ந்தது. பேய்க்கதைக்குக்கூட ஆள் இருந்தது. ஆன்ட்டியின் முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் பார்த்ததில்லை.

"பாவம் ஐசா" என்றார் என்னிடம். "இதைப் பாக்கணும் அவ. பாத்தாலும் அவளுக்குப் புரியாது."

சரி, நீங்கள்? இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்தே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துகொண்டிருக்கும். நாத்தனாரோ, மாடிவீட்டுக்காரரோ, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரோ. அவருக்கு இதை உடனே அனுப்பவேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும்.

நெட்டா ஆன்ட்டிக்கும் அக்காதான் நினைவுக்கு வந்தார்.