பெய்ஸ்லி அட்டையும் எங்கள் சந்துக் குழாயும்

திண்டுக்கல்,
14-3-1961

ஸ்காட்லாந்துக் குளிரையே நடுங்க வைத்துக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி அழகர்சாமிக்கு, மலைக்கோட்டைக்குக் கீழே ஒன்பது வீட்டுச் சந்தைக் கட்டி ஆளும் மாமன் கண்ணுசாமி ஆசீர்வதித்து எழுதியது. இங்கே தண்ணீர் தவிர எல்லாம் சுகம். அங்கே மழை தவிர எல்லாம் சுகமென்று நம்புகிறேன்.

நூல் மில் படிப்புக்காக நீ குடியிருக்கும் பெய்ஸ்லி என்ற பழைய ஊரின் தெருவைப் பற்றி எழுதியிருந்தாயே, கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கல்லுக் கட்டடம், எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே மாடிப்படி, "இந்த வாரம் கழுவுவது உங்கள் முறை" என்று வீட்டுக்கு வீடு கதவில் மாறித் தொங்கும் ஓர் அட்டை, அதைக் கண்டதும் எழுபது வயது மெக்லீன் அம்மாள் முட்டி போட்டுத் தேய்ப்பது! அவர்கள் உலகத்தை ஆண்டது பீரங்கியால் இல்லை மாப்ளே, அந்த அட்டையால்தான்.

நம் சந்துக்குத் தெருக்குழாய் கேட்டு நாலு வருஷமாக மனுப் போடுகிறோம். போன மாதம் வந்த முனிசிபல் ஓவர்சியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல சாக்கடையச் சுத்தம் பண்ணுங்க, பொறவு கொழாய்" என்று போய்விட்டார். விடுவேனா? பிஸ்கட் பெட்டியைக் கிழித்து அதேபோல் ஓர் அட்டை எழுதி, முதல் வீட்டுப் பூக்கார ஜக்கம்மாள் கதவில் மாட்டினேன். திருவிழா மண்டகப்படியில் ஒரு வீட்டார் சுண்டல் கொடுத்தால் அடுத்த வீட்டார் புளியோதரையும் சேர்த்துக் கொடுக்கிற ஊர் இது. ஜக்கம்மாள் அட்டைக்குக் கதம்பம் சாத்தி, சாக்கடையில் காகம் முகம் பார்க்கும்படி தேய்த்து, சந்து நீளத்துக்குக் கோலம் போட்டாள். வாரம் முடிந்தும் அட்டையைத் தர மாட்டேனென்றாள்.

"ஏக்கா, எம்முறையையும் நீயே முழுங்குனா எப்பிடி?" என்று அடுத்த வீட்டு ஆனந்தமேரி டீச்சர் சண்டைக்கு வர,

"மூலையில அம்புட்டு அழுக்கு கெடக்கு டீச்சரம்மா, செத்த பொறுங்க" என்று இவள் இழுக்க, பிடுங்கிய வேகத்தில் டீச்சர் பினாயிலால் சந்தையே குளிப்பாட்டிவிட்டார். உலகத்தில் எங்கேயாவது விளக்குமாற்றுக்கு இப்படிப் போட்டி உண்டா? நேற்று ஓவர்சியர் வந்து, சந்து முனையிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, கைகூப்பியபடி நடந்து, குழாய்க்குக் கையெழுத்துப் போட்டார்!

மெக்லீன் அம்மாளின் முழங்கால்களுக்கு எங்கள் ஒன்பது வீட்டு நமஸ்காரம். நீ நூறு மில்லுக்கு அதிபதியாகி, நல்ல கம்பளியோடு திரும்பி வர வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமன்,
கண்ணுசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கடப்பாரையோடு குழாய் போட ஆட்கள் வந்தார்கள். அட்டைக்கு அடித்துக்கொண்ட பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் கைகோத்து மறித்துவிட்டார்கள். "இம்புட்டுத் தேச்ச தரையத் தோண்டவா வந்தீக? கோலத்துல கால் வச்சா காலு இருக்காது!" என்றாள் ஜக்கம்மாள். அவர்கள் குழாயைக் கொண்டுபோய், யாருமே பெருக்காத பக்கத்துச் சந்தில் நட்டுவிட்டார்கள். அங்கே போய் ஒரு குடம் பிடித்து வந்தேன். முழங்கால் வரை சேறு. இந்தக் காலோடு நம் சந்துக்குள் நுழையக் கூடாதென்று உத்தரவு; குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். தபால்பெட்டியடியில் நின்று எழுதுகிறேன்.