மடக்கு மாமாவும் முயல் துப்பாக்கியும்

மயிலாப்பூரில் முயல் தொல்லை அறவே இல்லாததற்கு ஒரே காரணம் மடக்கு மாமாதான் என்பது என் அசைக்க முடியாத அபிப்பிராயம். மயிலாப்பூரில் முயலே கிடையாதே என்பீர்கள். நானும் அவரிடம் அதைத்தான் சொன்னேன். "பாத்தியா, பயம்" என்றார்.

லஸ் கார்னரிலிருந்து நடக்கிற தூரத்தில் பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி எங்களுடையது. மாமா மூன்றாவது மாடி. அவரிடம் லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி உண்டு. முயல், காடை மாதிரி சின்னப் பிராணிகளைச் சுடுவதற்கென்றே செய்த பாயின்ட் டூ டூ ரகம். நடுவில் கீல் வைத்தது. மடித்தால் குழலும் கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டு பாதி நீளமாகிவிடும். அதனால்தான் அவர் மடக்கு மாமா. அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாமாவின் அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டைப்பிஸ்டாக இருந்தபோது, வேலையை விட்டுக் கிளம்பிய மானேஜர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான் போடலாம். இன்னொன்று சுட வேண்டுமானால் குழலைச் சாய்த்து, காலித் தோட்டாவை உருவி, புதிதாக ஒன்றைச் செருக வேண்டும். அதற்குள் முயல் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்துவிடுமே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு முயல், ஒரு குண்டு. ரெண்டாவது குண்டு கேக்கறவன் வேட்டைக்காரன் இல்லடா, தீபாவளி கொண்டாடறவன்."

தினம் சாயந்திரம் ஐந்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தின் சிமெண்ட் பெஞ்சில் மாமாவின் தர்பார் கூடும். எல்லாம் வேட்டைத் தடைச் சட்டம் வருவதற்கு முந்தைய கதைகள். வால்பாறையில் விடியற்காலைப் பனி, தேயிலைச் செடிக்கு அந்தப் பக்கம் இரண்டு காதுகள், நாற்பது கெஜ தூரம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க மாமா நெற்றியிலிருந்து கொஞ்சம் விபூதியை எடுத்துத் தூவுவார். அப்புறம் மூச்சை அடக்கி, ஒரே குண்டு. செத்த முயலை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எஸ்டேட் டிரைவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார். மாமா வெங்காயம்கூடச் சேர்த்துக்கொள்ளாதவர். வருஷம் ஆக ஆக மாமாவுக்குக் கண்பார்வை குறைந்தது. முயல் நின்ற தூரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. போன பொங்கலுக்குத் தொண்ணூறு கெஜத்தைத் தாண்டிவிட்டது.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மாமிக்குக் கல்யாணத்தில் வந்த வயலின் பெட்டியில் துப்பாக்கியைப் படுக்கவைத்து, ஜரிகை வேஷ்டி கட்டி, மாமா புறப்படுவார். வயலின் பல வருஷமாகத் தலையணை உறைக்குள் இருக்கிறது. வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் தவறாமல் "கச்சேரிக்கா சாமி?" என்று கேட்பார். "ஆமாம்ப்பா, போலீஸ் கச்சேரி" என்பார் மாமா. ஆட்டோக்காரர் அதை ஏதோ புது சபா என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் வேட்டைப் புகழுக்கு முதல் சோதனை பெருச்சாளி ரூபத்தில் வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரியுடைய கார் வயரை அது கடித்துவிட்டது. செக்ரட்டரி பால் கவரில் இருக்கும் எழுத்தைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் கத்தரிப்பவர். துப்பாக்கி வைத்திருப்பவர் குடியிருப்பின் நலன் கருதி ஆவன செய்ய வேண்டும் என்று அவர் சுற்றறிக்கையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமா இறங்கி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தோட்டா போடாமலே துப்பாக்கியை விரித்தார். பால்கனிகள் நிரம்பிவிட்டன. ஒரு மணி நேரம் கழித்துப் பெருச்சாளி சாவகாசமாக வெளியே வந்து மாமாவைப் பார்த்தது. மாமாவும் பார்த்தார். பிறகு துப்பாக்கியை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இது சின்னப் பிராணிக்கான துப்பாக்கி, வந்தது நடுத்தரம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார்.

நிஜமான ஆபத்து லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வந்தது. இந்த முறை விண்ணப்பத்தைத் தமிழில்தான் கொடுப்பேன் என்று மாமா பிரவுசிங் சென்டருக்குப் போனார். துப்பாக்கி எதற்குத் தேவை என்ற இடத்தில் நிரப்புவதற்குத் துண்டுத் தாளில் 'முயல்' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த பெண் தமிழ் எம்.ஏ. படித்தவள். பெரியவர் பாதியில் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, அதை முழு வாக்கியமாக்கிவிட்டாள்: 'முயற்சி செய்ய.'

ஒரு வாரத்தில் விசாரணைக்கு ஏட்டு வந்தார். அக்கம்பக்கத்தாரில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றதால் நானும் செக்ரட்டரியும் மாமா வீட்டு சோபாவில் ஆஜரானோம். ஏட்டு மாமி கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு விண்ணப்பத்தை விரித்தார்.

"இன்னா சார் இது, துப்பாக்கி வச்சிக்கினு இன்னா முயற்சி பண்ணப் போறீங்க? எனக்குத் தெரிஞ்சி துப்பாக்கியோட வர்ற முயற்சி ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குத் தனியா செக்‌ஷன் கீது."

பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற திமிரில் நான் குறுக்கே புகுந்தேன். இது எழுத்துப் பிழை, இங்கே முயல் என்பது வினைச்சொல் இல்லை, பெயர்ச்சொல், நாலு கால் உள்ள பிராணி என்று விளக்கினேன். ஏட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வினையே அங்கதான் சார் கீது. முயலைச் சுட்டா ஃபாரஸ்ட்காரங்க வந்து தூக்கிக்கினு போவாங்க."

என் இலக்கணம் மாமாவை ஒரு சட்டத்திலிருந்து மீட்டு இன்னொன்றில் மாட்டிவிட்டது. ஏட்டு நல்ல மனிதர். அவரே ஒரு வழி சொன்னார். அப்பா வைத்திருந்த பொருள், நினைவுக்காக வைத்திருக்கிறேன், இந்தத் துப்பாக்கியால் இதுவரை ஓர் உயிரையும் சுட்டதில்லை என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கொடுத்தால் மேலே சிபாரிசு செய்யலாம். இல்லையென்றால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும், திரும்பி வராது.

செக்ரட்டரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதாவது சுட்டிருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்று ஏட்டு கேட்டுக்கொண்டார். சுட்டேன் என்றால் துப்பாக்கி போய்விடும். சுடவில்லை என்றால் இருபது வருஷத்துக் கதைகளும், கெஜம் கெஜமாக வளர்ந்த முயல்களும் போய்விடும். மாமி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமா மடியில் இருந்த துப்பாக்கியைத் தடவிக்கொடுத்தார்.

"சுட்டதே இல்ல சார். அப்பா ஒரு தரம் சுட்டார். அதுவும் தகர டப்பாவை."

அப்படியானால் இது எதற்கு, கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றார் ஏட்டு.

"முப்பத்தஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஃபைல் பாத்தேன் சார். அதைச் சொன்னா எவன் உக்காந்து கேப்பான்? இது ஆத்துல இருக்கறதுனாலதான் நாலு பேர் என் பக்கத்துல வந்து உக்கார்றா."

ஏட்டு தொப்பியைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுதினார், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். செக்ரட்டரி மட்டும் விரல் வைத்து இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப அந்தத் தொண்ணூறு கெஜம்?" என்று கேட்டார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று மதியமே செக்ரட்டரி வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிட்டார். சாயந்திரம் மாமா கீழே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் எனக்குத் தாங்கவில்லை. மேலே போய் மணியடித்தேன்.

மாமா பனியனோடு கதவைத் திறந்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு, எல்லாம்தான் தெரிந்துபோய்விட்டதே, இனிமேல் என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்றார்.

"எனக்கு முதல் நாளே தெரியும் மாமா" என்றேன்.

"தெரிஞ்சுண்டா இத்தனை வருஷம் உக்காந்திருந்தே?"

"எல்லாருக்கும் தெரியும். செக்ரட்டரி ஒருத்தர்தான் நெஜம்னு நம்பிட்டார். அதான் அவருக்கு அவ்வளவு கோவம்."

மாமா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். துப்பாக்கிக்காகத்தான் நாங்கள் வருகிறோம் என்று இந்த மனிதர் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். லிஃப்டில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கோபத்தை விடாத முகத்தோடு செக்ரட்டரியும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் ஆபீஸில் ஒரு ஃபைல் காணாமல் போய், எட்டு மாதம் கழித்து அதே மேஜையில் கிடைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் சொன்னார். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான கதையைக் கேட்டதில்லை. ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.