தோணியில் பால் காய்ச்சினேன்

வீட்டை விற்றுச் சீட்டாடியவனுக்கு ஒரு பெயர் உண்டு. விற்றுக் குடித்தவனுக்கும் ஒரு பெயர் உண்டு. விற்றுத் தோணி வாங்கியவனுக்கு நாஞ்சில் நாட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயரில்லாதவன் நான்தான்.

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். (திசை, காற்று, கடல் எல்லாம் என் பாடம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத்தான் அன்று மறந்துபோயிற்று.) சுதந்திரம் வந்த புதிதில் ஒரு விடுமுறை நாளில் குளச்சலுக்குப் போயிருந்தபோது, கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் அதிலேயே குடியிருந்தார்கள். பல தேசம் சுற்றி வந்தவர்களாம். என்னை மயக்கியது அவர்கள் சுற்றிய தேசங்கள் அல்ல. படகில் ஒரு கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். இன்று குளச்சலில் உலரும் துணி அடுத்த வாரம் கொழும்பில் உலரும்! என் வேட்டிகளோ வாங்கிய நாள் முதல் ஒரே கொல்லைப்புறத்தில் உலர்ந்து, அங்கேயே நைந்து போயின.

அதற்குப் பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஓடு ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்த ஒரு பழைய தோணி, கடலோடு சேரும் மணக்குடிக் காயல் தண்ணீரில் சும்மா கிடந்தது. வீட்டை விற்று அதை வாங்கினேன். சம்பளமில்லாத விடுப்பும் எழுதிக் கொடுத்தேன். கொச்சி, கோவா, பிறகு கொழும்பு என்று படம் போட்டு வைத்திருந்தேன். என் மனைவி செல்லம்மை அழவில்லை, சண்டை போடவில்லை.

“அம்மியும் ஆட்டுரலும் வரும். அது வராட்டா நானும் வரல்ல, கேட்டியளா?” என்றாள்.

இரண்டும் வந்தன. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கம் என் புத்தகப் பெட்டிகளை வைத்துச் சரிசெய்தேன்.

இனித்தான் எழுதக் கை வராத பகுதி. எங்கள் மகள் பகவதிக்குப் பூதப்பாண்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல குடும்பம், பையன் படித்தவன். தோழி கல்யாணத்தில் அவனைப் பார்த்திருக்கிறாள். “எனக்குச் சம்மதமாக்கும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவள் இன்னது வேண்டும் என்று வாய்திறந்து சொன்னது அது ஒன்றுதான். பெண் பார்க்க வர நாள் கேட்டு அவர்கள் ஆளனுப்பினார்கள். “புது வீட்டில் பால் காய்ச்சு வைத்திருக்கிறேன், அன்றைக்கே வாருங்கள், மணக்குடிக் காயலில்தான்” என்று சொல்லியனுப்பினேன். காயலில் என்றால் காயல்கரையில் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வில்வண்டியில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் தகப்பனாரும் அத்தையும் கரையில் நின்று வீட்டைத் தேடினார்கள். நான் நடுக்காயலிலிருந்து கையை ஆட்டினேன்.

“அண்ணே, அந்த ஆளு நம்மளையா கூப்பிடுகாரு?” என்று அத்தை கேட்டது தண்ணீர் தாண்டி எனக்குக் கேட்டது.

சின்ன வள்ளத்தில் இருவரையும் ஏற்றிக் கொண்டுவந்தோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தோணியின் நடுவில் மணல் பரப்பி, மூன்று கல் கூட்டி, கோலம் போட்டு, செல்லம்மை அடுப்பு வைத்திருந்தாள். பால் கிழக்கே பொங்கி வழிய வேண்டும், தெற்கே வழியக்கூடாது, அது எமன் திசை. இது எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆகவே பானைக்கடியில் ஓர் ஓட்டுத்துண்டு கொடுத்து, கிழக்கே லேசாகச் சாய்த்து வைத்தேன். (வீட்டில் எல்லோரும் செய்கிற தந்திரம்தான்.)

காலையில் கரைக்காற்று அடிக்கும். வெயில் ஏறியதும் அது நின்று, கடல்காற்று எதிர்ப்பக்கமிருந்து வரும். நங்கூரத்தில் நிற்கும் தோணி அப்போது அப்படியே திரும்பும். வருஷாவருஷம் நான்காம் பாரத்துப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் இது.

“அப்பா, கிழக்கு நகருகு” என்றாள் பகவதி.

கிழக்கு நகரவில்லை, நாங்கள் நகர்ந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டுத்துண்டை உருவி, பானை புதுக் கிழக்கே சாயும்படி மாற்றிக் கொடுத்தேன். செல்லம்மை குத்துவிளக்கைத் திருப்பினாள். கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்த பூதப்பாண்டிக்காரரும் மரியாதைக்குப் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தோணி மறுபடியும் திரும்பியது. நாங்களும் திரும்பினோம். கொஞ்ச நேரம் அடுப்பைச் சுற்றி ஒரு பிரதட்சிணமே நடந்தது.

“நிக்க மாட்டாதா இந்த வீடு?” என்றாள் அத்தை.

“கண்ணை மூடிக்கிட்டு இருங்க மைனி, இப்பம் நின்னுரும்” என்றாள் செல்லம்மை.

பால் பொங்குகிற நேரத்தில் கடல்காற்று பலமாக வந்தது. நான் போட்ட நங்கூரம் பிடிவிட்டு இழுபட, தோணி பின்வாக்கில் ஓடி எதிலோ மோதியது. அம்மி உருண்டது. எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தோம். என் இரண்டு கைகளும் பானையைப் பிடித்துக்கொண்டன. பால் தெற்கே வழியாமல் காப்பாற்றுகிறேன்! நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் நின்ற பகவதி இல்லை.

அந்த இடத்தில் மார்பளவுதான் தண்ணீர். அது எனக்குத் தெரியாது. அவள் சேறும் பாசியுமாக எழுந்து நிற்கும்வரை நான் பானையைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். கை வெந்தது மறுநாள்தான் தெரிந்தது. இன்றும் பால் பொங்கும் சத்தம் கேட்டால் முதலில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கிறேன்.

நாங்கள் மோதி நின்ற இடம் தேங்காய் மட்டை ஊறப்போட்ட திட்டு. அந்த நாற்றத்தை மணக்குடிக்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். கரையிலிருந்து வந்த ஆட்கள் அத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வேட்டி முழுக்கப் பாலாக நின்ற பூதப்பாண்டிக்காரர் என்னிடம் கேட்டார்:

“வாத்தியாரே, நீரு பள்ளிக்கூடத்தில எந்தப் பாடமாக்கும் சொல்லிக் குடுக்கேரு?”

“பூகோளம்.”

அவர் வேட்டியைப் பிழிந்துவிட்டு வள்ளத்தில் இறங்கினார். சம்பந்தம் பற்றிப் பேசவே இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

எங்கள் உலகப் பயணம் அவ்வளவுதான். தோணியை விறகுக்காரர் எடுத்துக்கொண்டார். நாங்கள் வடசேரியில் வாடகை வீட்டுக்குப் போனோம். பகவதி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு குலசேகரத்திலிருந்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவரின் மகனுக்காகக் கேட்டு வந்தார்கள். பெண் தலைகுனிந்து நின்று உள்ளே போவதுதான் வழக்கம். பகவதி போகவில்லை. நிமிர்ந்து கேட்டாள்:

“வீடு தரையிலதானே இருக்கு?”

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணமும் நடந்தது. இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் பெண் கேட்டுப் போனாலும், சாதகம் எடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வீடு தரையிலதானே?” என்று ஆரம்பிக்கிறார்கள். கூடமே அதிர்கிறது. நானும் சிரித்துவைக்கிறேன்.

அன்று அதைக் கேட்டபோது பகவதி சிரிக்கவில்லை. பதில் வரும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.