திட்டுல கட்டுன கிடா

மறுநாள் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மூத்த தாய்மாமன் சீரா ஒரு கிடாயைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அன்னைக்கு என் வேலை அவ்வளவுதான்.

கந்தர்வக்கோட்டைல ஏறி, மணமேல்குடி தாண்டிக் கடற்கரையோரம் தங்கச்சி வீட்டு வாசல்ல லோடு ஆட்டோவை விட்டு இறங்குனோம், நானும் கிடாயும்.

"பந்தல் போடுறாக. அதை அங்கிட்டு எங்கயாச்சும் மேய விடுங்கண்ணே"ன்னா தங்கச்சி.

இங்க கடல்ல அலை கிடையாது. எங்க ஊரு கம்மாய் மாதிரி சும்மா கிடக்கும். கரைக்கு எதிர்ல சின்னதா ஒரு திட்டு. ஓரத்துல அலையாத்தி மரம், நடுவுல பச்சைப் பசேல்னு ஏதோ செடி. இடையில முழங்கால் தண்ணி.

கம்மாய் வத்துனா நடுத்திட்டுல ஆட்டைக் கட்டிட்டு வீட்டுக்குப் போறது எங்க ஊர் வழக்கம். ஆடும் மேயும், யாரும் ஓட்டிட்டும் போகமாட்டாங்க. அதே மாதிரி கட்டிட்டு வந்து, மீன்கொழம்பு சாப்பிட்டுத் தூங்கிட்டேன்.

எந்திரிச்சுப் பார்த்தா திட்டு பாதிதான் இருக்கு. மீதிப் பாதில நின்னு கிடா கத்துது.

தங்கச்சி வீட்டுக்காரர் ஓடி வந்தார். "கடல் ஏறும், எறங்கும்னு தெரியாதா மச்சான்?"

"மழையே பெய்யலையே மாப்ள"ன்னேன். என் அறிவு அம்புட்டுத்தான்.

"இருங்க, வள்ளம் எடுத்துட்டு வாரேன்"னு போனார்.

இருந்திருக்கலாம். ஆனா கிடா இல்லாம நாளைக்குச் சபையில எந்த மூஞ்சியோட நிக்கிறது? பயத்துல தண்ணிக்குள்ள இறங்கிட்டேன்.

இடுப்புக்கு மேல தண்ணி. அடியில மணல் இல்ல, களி. செருப்பு ரெண்டையும் அதுவே வச்சுக்கிச்சு. திட்டை நெருங்குனா அலையாத்தி வேர் சேத்துக்குள்ள இருந்து குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு நிக்குது. எல்லாத்தையும் மிதிச்சுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

கிடாய்க்கு வயிறு வரைக்கும் தண்ணி. அவுத்து மேட்டுல ஏத்தி, கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அது என்னை ஏறெடுத்தும் பார்க்கல.

வள்ளம் வந்துச்சு. தம்மாத்தூண்டு.

"இதுல நான் போக இன்னொரு ஆளுதான் தாங்கும் மச்சான். கிடாயா, நீங்களா?"ன்னு கேட்ட மாப்ள, தானே முடிவு சொல்லச் சங்கடப்பட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சார்.

"தண்ணி இன்னும் ஏறும்மா. யாரை மொதல்ல கொண்டார?"

பிள்ளையை மடியில வச்சுக் காதுகுத்த வேண்டிய தாய்மாமன் நான். கேக்கணுமா என்னன்னு வள்ளத்துல ஒரு காலைத் தூக்கி வச்சேன்.

"கிடாயை ஏத்துங்க"ன்னா தங்கச்சி. "மடிக்குச் சின்னண்ணன் வந்துட்டாக."