பாயசத்தில் மூழ்கிய மாமியார்

கடையில் ஒரு பொருளைப் பார்த்து "ஆகா, என்ன அழகு!" என்று வாயைப் பிளந்தால், அதை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுவது உத்தமம். இந்த ஞானம் எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், என் மாமியார் பாயசத்தில் மூழ்கியிருக்க மாட்டார்.

சிட்னியின் பென்டில் ஹில் பகுதியில் குடியிருந்தபோது புதிதாக ஒரு போன் வாங்கினேன். முன்னும் பின்னும் கண்ணாடி. அப்பளம் மாதிரி மெலிசு. சோபாவில் வைத்தால் தானாகவே தரைக்கு இறங்கிவிடும்.

"ஏங்க, ஒரு கவர் போடுங்களேன்" என்றாள் மனைவி சுதா. டிவி ரிமோட்டையே பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பயன்படுத்தும் பரம்பரை அவளுடையது. (என்னுடையதும்தான். சிட்னிக்கு வந்தபின் அதை மறைத்துவிட்டேன்.)

"கவர் போட்டா இதை டிசைன் பண்ணினவன் அழுவான்" என்றேன். யாரோ ஒரு டிசைனருக்காக அவ்வளவு கரிசனம்!

சுதாவுக்கு வளைகாப்பு வந்தது. திருச்சியில் இருந்த மாமியாருக்கு விசா வரவில்லை. ஒரே மகளின் முதல் பிரசவம். முதல் வளையலை மகள் கையில் ஏற்றுவதையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்று தவித்தார். அதை வீடியோ காலில் காட்டும் பொறுப்பு எனக்கு. என்னிடம்தானே உயர்ந்த போன் இருந்தது!

அன்று எல்லாரும் பூசிவிட்ட சந்தனம் கையில் ஈரமாக இருந்தது. கூட்டம் முழுவதும் தெரியட்டும் என்று சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று, போனை நீட்டிப் பிடித்தேன். கீழே பாயச அண்டா. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி முதல் வளையலைக் கையில் எடுத்தார். போன் என் கையைவிட்டு வழுக்கியது.

திரை மேலே பார்க்க, கேமரா கீழே பார்க்க, சேமியாவின் நடுவே மாமியாரின் முகம் மெதுவாக இறங்கியது. பாயசம் கன்னம் வரை வந்துவிட்டது.

"மாப்ளே, எல்லாம் மஞ்சளாத் தெரியுதே... மஞ்சத் தண்ணி ஊத்துறாங்களா?"

அதுதான் அவருடைய கடைசி வார்த்தை. கையை விட்டு எடுக்கப் பார்த்தேன்; பாயசம் கொதித்தது. அலறினேன்.

யாரோ சிரித்தார்கள். சுதா சிரிக்கவில்லை. "அம்மா பாக்கலையா?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்கு நான் அண்டாவிலேயே குதித்திருக்கலாம். வெட்கமாக இருந்தது.

அன்ரி வளையலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். "தம்பி, அதை விடும். இந்தாரும், என்ர போன். அம்மா வந்தாப் பிறகுதான் காப்புப் போடுவம்."

அது செங்கல் கனத்தில், ரப்பர் கவரோடு, இரண்டு பக்கமும் சொரசொரவென்று இருந்த போன். மாமியாரின் எண் எனக்குத் தெரியாது. அது பாயசத்துக்குள் இருந்தது. சுதா மனப்பாடமாகச் சொன்னாள். திருச்சியில் முகம் தெரிந்ததும் அன்ரி வளையலை ஏற்றினார். இரண்டு பக்கமும் ஒரே அழுகை. நான் சமையலறையில் கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு அழுதேன். (பாயசம் சுட்டதால் என்று சொல்லிக்கொண்டேன்.)

என் அழகி பதினோரு வாரம் வாழ்ந்தாள். அன்ரியின் செங்கல் இன்றும் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் படிக்கட்டில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குப் பிடித்த பொருள் கடையோடு சரி; வருடக்கணக்கில் கூடவே வருவது கைக்கு அடங்குவதுதான். இப்போது என் போனுக்கு இரண்டு கவர்.

திருச்சியில் சுதாவின் தம்பி அன்றைய வீடியோவைப் பதிவுசெய்து வைத்திருந்தான். அதில் சில நொடிகள் வெறும் மஞ்சள். ஒரு முந்திரி மட்டும் மெல்ல மிதந்து போகும். எங்கள் மகளுக்கு மூன்று வயது. அம்மாவின் வயிற்றுக்குள் எடுத்த படம் அது என்று அவளாகவே முடிவுகட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள். முந்திரி வந்ததும், "தட்ஸ் மீ!"

நாங்கள் யாரும் திருத்தவில்லை. மாமியாரோ ஒவ்வொரு முறையும் போனில் சத்தியம் செய்கிறார்: "ஆமாடி தங்கம், உன்னை முதமுதல்ல பாத்தது நான்தான்!"