அறிவுரை கூறாப் போர்

வாழ்க! ஒரு சிற்றாலயமும் ஒன்பது வகுப்பறைகளுமே உடைய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையின் உயிர்த்தூணாய் நின்றவனும், இருபதாண்டு பிறர் துயரை இமையசையாது கேட்ட செவிச்செல்வனும், "கேட்பவனே வழிகாட்டி! சொல்பவன் வெறும் சொந்தக்காரன்!" என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் முழங்கியவனுமாகிய நம் முதுபேராசிரியன் வாழ்க! அவன் தலைச்சாய்ப்பு வாழ்க! அவன் "ம்ம்" வாழ்க!

அவ்வீரனுக்கு எதிர்நின்றவள் எவள்? அடுத்த அறைப் பேராசிரியை. நாற்பது நிமிடம் வாய்திறவாதிருந்தே ஒரு மாணவனைத் தானாக அழுது தானாகத் தேறச்செய்த மௌனமாதேவி. அத்துறையின் அறநெறி ஒன்றே: வழிகாட்டுவோர் அறிவுரை கூறலாகாது, விடையை மாணவரே தம் நெஞ்சைத் தோண்டி எடுத்தல் வேண்டும். வாய்தவறிப் புத்தி சொன்னவர் ஓராண்டு ஆசிரியர் அறையில் தலைகாட்ட முடியாது.

ஒருநாள் மூன்றரை மணிக்கு, இருவர்க்கும் பொதுவான மாணவி, படிப்பைவிட்டு விலகும் படிவத்தைக் கையிலேந்தி அவ்விருவர் நடுவே வந்தமர்ந்தாள். தந்தை படுக்கையில், தாய் தனியாள், படிவம் வாங்கும் அலுவலகமோ நான்கு மணிக்கு அடைபடும்.

"சார், மேடம், எனக்கு ஒண்ணும் புரியல. நான் படிக்கட்டுமா, விட்டுடட்டுமா? நீங்களே சொல்லுங்க."

மூண்டது போர்! "உனக்கு என்னம்மா தோணுது?" என்னும் வேலினை வீரன் எறிந்தான். "அப்படித் தோணுறப்போ எப்படி இருக்கு?" என்னும் வாளைப் பேராசிரியை வீசினாள். இரண்டும் மாணவிமேலேயே பட்டன.

அந்தோ, வீரன் நெஞ்சை யாரறிவார்! அம்மாணவி எழுதிய கட்டுரையை இருமுறை படித்து, மனைவிக்கும் படித்துக் காட்டி மகிழ்ந்தவன் அவன். "போகாதேம்மா" என்னும் ஒற்றைச் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிடில் பிள்ளை போய்விடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தான் பாவி.

அப்போது உதித்தது ஒரு போர்த்தந்திரம். மனிதரிடம் சொன்னால்தானே அறிவுரை? இறைவனிடம் சொன்னால் விண்ணப்பமன்றோ! "ஜெபிப்போம்" என்று ஆணையிட்டுக் கண்மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை படிப்பை விட்டுடாதபடிக்கு" எனத் தொடங்கியதுதான் தாமதம், பேராசிரியை இருமினாள். கோட்டைக்கதவு அதிரும் இருமல்! வீரன் நாக்கு நடுவழியில் திரும்பி, "உம்முடைய சித்தப்படியே ஆகட்டும், ஆமென்" என்று புறமுதுகிட்டது. பேராசிரியை விடுவாளா? அந்த ஜெபத்தை அப்படியே கைப்பற்றி, படிக்கும் பக்கமும் சாயாமல் விடும் பக்கமும் சாயாமல், பதினெட்டு நிமிடம் நடத்தினாள்.

கண்திறந்தபோது நாற்காலி காலி.

"வெற்றி! அவளே முடிவெடுத்துவிட்டாள்!" என்று மௌனமாதேவி முழங்கினாள். வீரனோ இருபதாண்டுப் புகழை மேசைமேல் போட்டுவிட்டு, செருப்பொன்று கழன்றதும் அறியாது, படிகள் மும்மூன்றாய்த் தாவி, ஆலயத்துப் புறாக்கள் அலறிப் பறக்க, "போகாதேம்மா! படிம்மா! இது என் அறிவுரை! அறிவுரையேதான்!" என்று உலகறியக் கூவிக்கொண்டே அலுவலகச் சன்னலை அடைந்தான்.

"இன்னும் ஒரு வருஷம்தானேம்மா, பேசாம படிச்சு முடி"ன்னு கிளார்க் சொன்னாராம், அவளும் சரின்னு படிவத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு அப்பவே வீட்டுக்குப் போயிட்டாளாம்.