தெளிவு போதாது

மாதா கோயில் பங்கு மண்டபத்தின் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் கஸ்பார் வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓவியக் கண்காட்சிக்குத் திண்டுக்கல்லில் இருபது பேர் வந்தாலே அதிகம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே எழுபது எண்பது பேர் நின்றார்கள். நத்தத்திலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. சிறுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்களாக இருந்தது அவருக்கு உறுத்தவில்லை. கலையை மதிக்கத் தெரிந்த தலைமுறை என்று எடுத்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க," என்று முன்னால் நின்ற அம்மாளைக் கும்பிட்டார். "உள்ள போயி நிதானமாப் பாருங்க."

நத்தத்து சிவனம்மாள் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். "பாக்க முடிஞ்சா நான் ஏம்ப்பா இம்புட்டுத் தூரம் வாரேன்? டாக்டரு வந்துட்டாரா?"

"எந்த டாக்டரும்மா?"

"கண்ணு டாக்டருதேன். இலவசமாப் பாக்குறாகன்னு நோட்டீசு ஒட்டியிருக்கீகள்ல."

அந்த நேரத்தில் ஞானதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். ஞானதாஸ் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர். ஏழு பேர் கொண்ட திண்டுக்கல் ஓவியர் சங்கத்தின் செயலாளர். கஸ்பார் அதன் தலைவர். ஞானதாஸின் கையில், பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து கிழித்து வந்த சுவரொட்டி இருந்தது.

"தலைவரே, நீங்க வரைஞ்சதை நீங்களே பாருங்க."

கஸ்பார் பார்த்தார். மேலே 'ஓவிய' என்ற எழுத்துகளை மயிலும் கிளியுமாகப் பின்னி வைத்திருந்தார். அது எழுத்து என்பது வரைந்தவருக்கு மட்டும் தெரியும். நடுவில் 'கண்' என்று முழ உயரத்தில் போட்டு, பக்கத்திலேயே இமை மயிரோடு ஒரு கண்ணும் வரைந்திருந்தார். அதற்குக் கீழே 'அனுமதி இலவசம்'. கண்ணை அடுத்து ஓரத்தில் இருந்த 'காட்சி'யின் மேல் யாரோ சினிமா சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இலவசக் கண்ணு," என்றார் ஞானதாஸ். "ஊரே வந்துருச்சு. சுவரொட்டியிலயும் தெளிவு போதாது."

அந்த வார்த்தை கஸ்பாரைச் சுருக்கென்று தைத்தது.

சென்னையில் இருந்த ஒரு கலை மன்றம் ஆண்டுதோறும் வெளியூர் ஓவியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய படத்தைத் தலைநகரில் காட்சிக்கு வைக்கும். கஸ்பார் ஐந்து வருடமாகப் படம் அனுப்பினார். ஐந்து வருடமும் நடுவர் தங்கமுத்துவிடமிருந்து ஒரே பதில் அஞ்சலட்டையில் வந்தது: 'தெளிவு போதாது.' அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

முதல் வருடம் அனுப்பியது பனி மூடிய சிறுமலை. சரி, பனி இருந்தது, ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் பனியை எடுத்தார். அதற்கடுத்த வருடம் மலையை எடுத்தார். நான்காம் வருடம் தக்காளிக் கூடையைக் கறுப்புக் கோடு போட்டு வரைந்தார். ஐந்தாம் வருடம் ஒரே ஒரு தக்காளி. அதற்கும் தெளிவு போதவில்லை. பாவி மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்காமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மஞ்சள் நிறத்தில் ஆள் உயரப் பலகை. அதன் நடுவில் சிவப்பாக ஒரு திண்டுக்கல் பூட்டு. வேறு எதுவும் இல்லை. "இதுக்கு மேல தெளிவு வேணும்னா பூட்டையே கொண்டுபோய் ஆணியில மாட்டிர வேண்டியதுதான்," என்று ஞானதாஸ் சொல்லியிருந்தார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யாரையும் எடுக்கமாட்டார்கள். கஸ்பாருக்கு அடுத்த மாதம் நாற்பத்தாறு. இதுதான் கடைசி. அதனால்தான் மன்றத்துக்கு எழுதி எழுதி, நடுவரையே நேரில் வரவழைத்திருந்தார். பதினொரு மணிக்கு அவர் வந்துவிடுவார்.

"ஞானதாஸ், இவங்களை எப்படியாச்சும் அனுப்பிரணும்."

கஸ்பார் படியில் ஏறி நின்று விளக்கினார். இது கண் முகாம் இல்லை, படங்கள் வைத்திருக்கும் கண்காட்சி என்றார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு மொத்தமாகத் தரையில் உட்கார்ந்தது.

"வேனுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வந்திருக்கோம்," என்றாள் சிவனம்மாள். "கண்ணு தெரியாதவகளைப் படம் பாக்கக் கூப்புட்டவரு யாரு? டாக்டரு வராம ஏந்திரிக்க மாட்டோம்."

ஞானதாஸ் பங்கு அலுவலகத்துக்கு ஓடி, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "இங்க பக்கத்துல வடமதுரையில முகாம் போட்டு நாலே பேரு வந்தாங்களாம். ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க. எம்பது பேருன்னதும் அரை மணி நேரத்துல வாரோம்னுட்டாங்க."

கஸ்பாருக்கு உயிர் வந்தது. அவர்கள் மரத்தடியில் முகாம் நடத்துவார்கள், தான் உள்ளே கண்காட்சி நடத்தலாம் என்று கணக்குப் போட்டார்.

வந்தவர்கள் மரத்தடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டார்ச் அடித்துப் பார்க்க இருட்டு வேண்டும், எழுத்து அட்டை மாட்டச் சுவர் வேண்டும் என்று மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். ஐரின் என்ற நர்ஸ் நேராகப் பூட்டின் முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்தக் கடை போர்டைக் கழட்டிக்கிறட்டுமா?"

"அது போர்டு இல்ல சிஸ்டர். ஓவியம்."

"அப்படிங்களா? பூட்டுக் கடையில குடுத்து வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

கஸ்பார் பூட்டை விட்டுக்கொடுக்கவில்லை. சங்கத்தின் மற்ற ஆறு பேருடைய படங்களையும் தாராளமாகக் கழற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னார். அவற்றைச் சுற்றி நிறுத்தி ஒரு இருட்டு அறை தயாரானது. சுவரில் ஒரு பக்கம் எழுத்து அட்டை, மறுபக்கம் பூட்டு. நடுவில் எண்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு ஆபரேஷன் தேவையோ அவர்கள் நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, வாசலில் நின்ற ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். ஆள் போதாமல் பிளாஸ்டர் சுருளைக் கஸ்பாரின் கையில் திணித்துவிட்டு ஐரின் இருட்டு அறைக்குள் போய்விட்டார்.

சரியாகப் பதினொரு மணிக்குத் தாடி வைத்த ஒருவர் உள்ளே வந்தார். காவி ஜிப்பா, தோளில் தொங்கும் பை, நெஞ்சு வரை தாடி. கஸ்பார் ஐந்து வருடமாக மனத்தில் வரைந்து வைத்திருந்த அதே உருவம். ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. கொஞ்சம் கூட்டமா இருக்கு, மன்னிக்கணும்."

"இருக்கட்டும் தம்பி," என்றார் தாடிக்காரர்.

கஸ்பார் அவரைப் பூட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தாடிக்காரர் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் போனார். பின்னால் வந்தார். தலையைச் சாய்த்தார்.

"பூட்டுத்தானே இது?"

"ஆமா சார்."

"தெளிவாத்தேன் இருக்கு."

ஐந்து வருடம். ஐந்து அஞ்சலட்டை. கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தார்.

அந்தப் பொன்னான நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பூட்டுக்கும் தாடிக்காரருக்கும் இடையில் கதவு போட்டது போல மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, கண்காட்சி இதுதானுங்களா?"

"கண்ணுக்கு அந்தப் பக்கம் பெரியவரே. இங்க ஒண்ணும் இல்ல. வரிசையில போயி நில்லுங்க."

"இல்லீங்க, நான் கண்காட்சிக்குத்தானுங்க..."

"எல்லாரும் கண்ணுக்குத்தான் வந்திருக்காங்க. செத்த நேரம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்களேன்."

பெரியவர் நகரவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார். தாடிக்காரரோ அலுத்துப்போய்த் திரும்பிப் போகப் பார்த்தார். கஸ்பாருக்குப் பதற்றம் தாங்கவில்லை. கையிலிருந்த சுருளில் ஒரு துண்டைக் கிழித்துப் பெரியவரின் நெற்றியில் ஒட்டினார்.

"இதோட நேரா வாசல்ல நிக்கிற வண்டியில ஏறிக்கங்க. வரிசையெல்லாம் வேண்டாம்."

"வண்டியெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?" பெரியவர் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ரொம்பச் சந்தோசமுங்க." யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போக, ஏறிக்கொண்டார். ஒரு மணிக்கு வண்டி மதுரைக்குக் கிளம்பிப் போனது. மண்டபம் காலியானது. கஸ்பார் வெற்றிப் பெருமூச்சு விட்டார்.

தாடிக்காரருக்குப் பிரியாணி வாங்கி வந்து, இலை போட்டு, தானே பரிமாறினார். தாடிக்காரர் இலையைப் பார்த்துத் தயங்கினார்.

"கறி திங்கலாமா தம்பி? ஆபரேசன்னா வெறும் வயித்தோட இருக்கணும்பாகளே."

"யாருக்கு சார் ஆபரேசன்?"

"எனக்குத்தேன். சிறுமலை, பேரு சங்கிலி. எடது கண்ணு சுத்தமாத் தெரியல. வலது கண்ணு தேவலாம். கண்ணு சரியானா மொட்டை போடுறேன்னு பழனிக்கு நேந்து முடி வளத்திருக்கேன். நீங்கதேன் பூட்டைக் காட்டி டெஸ்ட் எடுத்தீகளே, எனக்கு மட்டும் ஏன் பிளாஸ்டர் ஒட்டல?"

கஸ்பார் கரண்டியோடு அப்படியே நின்றார். தாடியைப் பார்த்தார். ஜிப்பாவைப் பார்த்தார்.

ஞானதாஸ் பங்கு அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "தலைவரே, மெட்ராஸிலருந்து போன். தங்கமுத்து சார் வந்து சேந்துட்டாரான்னு கேக்குறாங்க. காலையிலயே வந்திருக்கணுமாம். எளிமையான மனுசராம். பூர்வீகம் ஒட்டன்சத்திரமாம். வேட்டி, துண்டு, மஞ்சப் பை. ‘ஏனுங்க’ன்னு தன்மையாப் பேசுவாராம்."

கரண்டி கீழே விழுந்தது.

"ஞானதாஸ், நான் அவரு நெத்தியில பிளாஸ்டர் ஒட்டிட்டேன்."

"யாரு நெத்தியில?"

"நடுவரு நெத்தியில. வண்டியிலயும் ஏத்திட்டேன்."

ஞானதாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுசன் ஏன் வாயத் தொறக்கல?"

"சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு நெனச்சிருப்பாரு. ரொம்பச் சந்தோசமுங்கன்னாருய்யா."

"நல்ல கண்ணை அறுத்துட்டாங்கன்னா? நடுவரோட கண்ணு, தலைவரே. அப்புறம் யாரு படத்துக்கும் தெளிவு போதாதுன்னு எழுத ஆளே இருக்காது."

மதுரை பஸ்ஸில் கஸ்பார் உட்காரவே இல்லை. படம் போனது போகட்டும். சென்னை போனது போகட்டும். படம் பார்ப்பதற்கென்றே பிறந்த ஒரு ஜோடிக் கண்ணைத் தன் கையால் கத்திக்கு அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கொடைரோடு தாண்டுவதற்குள் தெரிந்த ஜெபம் அத்தனையையும் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் கண்ணில் பட்டவர் ஐரின்தான். கஸ்பார் ஏறக்குறைய அவர் காலில் விழுந்தார்.

"சிஸ்டர், மஞ்சப் பை வச்ச பெரியவரு. தங்கமுத்துன்னு பேரு. ஆபரேசன் ஆயிருச்சா?"

"நாளைக்குக் காலையில சார். ஏன்?"

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நிறுத்திருங்க. அவரு நோயாளி இல்ல, பெரிய கலைஞரு. அவருக்குக் கண்ணு நல்ல கண்ணு. அந்தப் பிளாஸ்டரை நான்தான் தப்பா ஒட்டிட்டேன். எம்மேல கேஸ் போட்டாலும் சரி, அவரை விட்டுருங்க."

ஐரின் அவரை விநோதமாகப் பார்த்தார். கண்ணாடி ஜன்னல் வழியே வார்டு தெரிந்தது. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தங்கமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பை மடியில் இருந்தது. பக்கத்துக் கட்டில் சிவனம்மாளிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் தொங்கிய காலண்டரில், வார்டுக் கோடியிலிருந்தும் படிக்கும் அளவுக்குத் தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. "இன்னைக்குத் தேதி என்னங்க அம்மணி?" என்று அவர் சிவனம்மாளைக் கேட்டது வராந்தா வரை கேட்டது.

"பிளாஸ்டரைப் பாத்து நாங்க ஆபரேசன் பண்ண மாட்டோம் சார். இங்க வந்ததும் எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் உண்டு," என்றார் ஐரின். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்தி ஆறேழு வருசம் ஆயிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்காரு மனுசன். எழுத்து அட்டையில மேல இருக்குற ஆகப் பெரிய எழுத்தைக் காட்டி, இது என்னங்கய்யான்னு கேட்டேன். செத்த நேரம் உத்துப் பாத்துட்டு, ‘தெளிவு போதாது’ன்னு எழுதிக்கச் சொன்னாரு."